முத்துப்பிள்ளையும் கோஷா ஆஸ்பத்திரியும்

ஐந்து மாத வயிறு, பார்ப்பவர் கண்ணுக்கு ஏழு மாதமாகத் தெரியும். மசக்கை அடங்கியிருக்க வேண்டிய நாளில் வாந்தி கூடிக்கொண்டே போகும். முகமும் காலும் வீங்கும். பிள்ளை இன்னும் அசையவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கலக்கம் இருக்கும். இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்று அக்கம்பக்கம் தேற்றும். பிறகு ஓர் இரவில் இடுப்பு வலி எடுத்து, ரத்தத்தோடு நீர் கோத்த குமிழ்கள் கொத்துக்கொத்தாக வெளியே வரும். சில ஜவ்வரிசி அளவு, சில திராட்சை அளவு. கை இல்லை, கால் இல்லை, தலை இல்லை. விளக்கைத் தூக்கிப் பார்த்த மருத்துவச்சி அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள்: முத்துப்பிள்ளை.

இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். பிள்ளையே இல்லாத ஒன்றைப் பிள்ளை என்று அழைத்தது அறியாமையால் அல்ல என்றே நினைக்கிறேன். ஐந்து மாதம் சுமந்தவளிடம் "உன் வயிற்றில் ஒன்றுமே இல்லை" என்று சொல்ல எந்த மருத்துவச்சிக்கும் வாய் வந்திருக்காது.

மருத்துவர்கள் இதை மோலார் கர்ப்பம் என்கிறார்கள். கரு உருவாகாமல், நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு மட்டும் தறிகெட்டு வளர்ந்து, அதன் இழைகளில் நீர் கோத்துக் குமிழாகிறது. இதைக் கர்ப்பச் சிக்கல் என்றாலும் சரி, கட்டி என்றாலும் சரி. பெரும்பாலும் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வதோடு தொல்லை தீர்ந்துவிடும். சிலருக்கு மட்டும் மிச்சம் நின்று கர்ப்பப்பைச் சுவரைத் துளைக்கும். ரத்தக்குழாயில் ஏறி நுரையீரலுக்கும் மூளைக்கும் போகும். அதன் உச்ச வடிவத்தின் பெயர் கோரியோகார்சினோமா, நஞ்சுக்கொடித் திசுவில் பிறக்கும் புற்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்பு அது உடலில் பரவிவிட்டால் அந்தப் பெண் பிழைப்பது அரிது. பல பேருக்குச் சில மாதக் காலமே கிடைத்தது. இன்று, எல்லாப் புற்றுகளிலும் மிக உறுதியாகக் குணமாகிறவற்றில் அது ஒன்று. இந்த மாற்றத்தின் கதையில் சேப்பாக்கத்துக் கோஷா ஆஸ்பத்திரிக்கும் சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் ஓர் இடம் இருக்கிறது. நம்மூரில் அதைப் பேசக் கேட்பது அபூர்வம்.

அன்றைய மருத்துவருக்குக் கையும் காதும்தான் கருவி. மாதக் கணக்கை மீறிய வயிறு. தொட்டால் பிள்ளையின் தலையோ முதுகோ அகப்படாது. காதை வைத்தால் நெஞ்சொலி கேட்காது. சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் ஆன வயிற்றில் எலும்பின் நிழலே இல்லை என்றால் சந்தேகம் வலுக்கும். அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை. 1928இல் பெர்லினில் ஆஷ்ஹைமும் ஸோண்டெக்கும் கண்டுபிடித்த முறை அது: கர்ப்பிணியின் சிறுநீரைப் பெண் சுண்டெலிக்குள் செலுத்தி, சில நாள் கழித்து அதை அறுத்து, சினைப்பை தூண்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பின்னால் எலிக்குப் பதில் முயல் வந்தது, தேரை வந்தது. முத்துப்பிள்ளை சுமக்கும் பெண்ணின் சிறுநீரில் கர்ப்ப ஹார்மோன் அளவுக்கு மீறி இருக்கும். பல மடங்கு தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தாலும் அந்தச் சிறுநீர் பிராணியின் உடலில் வேலை செய்யும். அந்த ஹார்மோன்தான் இன்று எச்.சி.ஜி. என்று எல்லோரும் சொல்வது. நோயின் அளவை எண்ணால் சொல்லலாம் என்ற எண்ணத்துக்கு வித்து அந்தத் தேரைத் தொட்டியில் விழுந்தது.

கண்டுபிடித்த பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான். கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். பெரிதாக இருந்தால் வயிற்றைத் திறக்க வேண்டும். பிள்ளைப்பேறு முடிந்த வயதென்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள். ரத்த வங்கிகள் பெருகாத காலம் அது. சுரண்டும்போது கொட்டும் ரத்தத்திலேயே போனவர்கள் உண்டு. அதைத் தாண்டி வீடு திரும்பியவளுக்குச் சில மாதம் கழித்து இருமல் வரும், எச்சிலில் ரத்தம் வரும். காசநோய் மலிந்த நாட்டில் ரத்தம் துப்பும் இளம்பெண்ணைப் பார்த்தால் முதலில் எந்த நோய் நினைவுக்கு வரும் என்று சொல்லவேண்டியதில்லை. கலைந்துபோன கர்ப்பத்துக்கும் நெஞ்சில் வந்த நோய்க்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றியிருக்கும்!

இனி கோஷா ஆஸ்பத்திரி. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண், வக்கீல் ஒருவரின் மனைவியாகச் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கேள்விப்பட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே முதன்முதலாகச் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். லண்டன் போய் மேற்படிப்பு முடித்துத் திரும்பி வந்து, 1885இல் கோஷா எனப்படும் முக்காட்டுக்குள் வாழ்ந்த பெண்களுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். ஆவணங்களில் அது ராயல் விக்டோரியா கோஷா மருத்துவமனை. ஊர் வாயில் வெறும் கோஷா ஆஸ்பத்திரி. இப்போது அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்று பலகை மாறிவிட்டாலும் பழைய பெயரைச் சொன்னால்தான் சில ஆட்டோக்காரர்களுக்கு வழி தெரியும்.

ஷார்லீப் படித்த அதே லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் பின்னாளில் படித்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பக் காலத்தில் கடுமையான சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். நாம் அறிந்த இரும்புச்சத்துச் சோகை அல்ல அது. ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் உப்பிப் பெருத்திருந்தன. அந்தப் பெண்கள் என்ன தின்கிறார்கள் என்று வில்ஸ் போய்ப் பார்த்தார். கீரையும் காய்கறியும் பாலும் இறைச்சியும் எட்டாத தட்டுகள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். குரங்குகளுக்கு அதே ஏழைச் சாப்பாட்டைக் கொடுத்து, சோகை வந்தபின் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். பலனளித்தது மார்மைட்: இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்னும், விலை குறைந்த ஈஸ்ட் சாறு. பெண்களுக்குக் கொடுத்தார். வெளுத்துக் கிடந்தவர்கள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931இல் அந்த முடிவு அச்சேறியது. ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருள் என்னவென்று தெரியாததால் அதை வில்ஸ் காரணி என்றே அழைத்தார்கள். 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்ற பொருள்படும் லத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

ஆலை வேலைக்குப் போய்வந்த ஒரு கர்ப்பிணியின் ஒரு துளி ரத்தத்திலிருந்து முத்துப்பிள்ளையின் மருந்துவரை இத்தனையும் கிளைத்தது என்று நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. அந்தப் பெண்கள் ஒருவரின் பெயரும் நமக்கு மிஞ்சவில்லை.

அடுத்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கியோடு அறுவை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்கு ஆகாதவரானார். முழுப் பட்டம் கிடைக்காமல் சிறிய பட்டத்தோடு வெளியே வந்தார். ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய்க்குச் சொந்தச் சகோதரனைப் பறிகொடுத்தவர். ஃபோலிக் அமிலம் கைக்கு வந்தபிறகுதான் அந்த நோய்க்கு மருந்து வந்தது என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1923இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காமல் லெடர்லே நிறுவனத்துக்கு மாறி, 1940களின் நடுவில் தம் குழுவினரோடு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினார்.

அதை வாங்கிப் பாஸ்டனில் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் சிட்னி ஃபார்பர். நோய் குறையவில்லை, வேகமாக வளர்ந்தது. அந்தத் தோல்விதான் கதவைத் திறந்தது. ஃபோலிக் அமிலம் புற்றணுக்களுக்கும் தீனி என்றால், அந்தத் தீனியைத் தடுக்கும் பொருள் மருந்தாகுமே! ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, அணுவை ஏமாற்றி உள்ளே புகுந்து, அதன் பெருக்கத்தை முடக்கும் பொருட்களைச் சுப்பாராவின் ஆய்வகம் செய்து தந்தது. முதலில் அமினோப்டெரின், பிறகு இன்றும் நம் மருந்தகங்களில் இருக்கும் மெத்தோட்ரெக்ஸேட். 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்துபோனார். தாம் செய்த பொருள் ஒருநாள் கர்ப்பத்தில் பிறக்கும் புற்றை ஒழிக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

அதைச் செய்து காட்டியவர் சீனாவில் பிறந்து அமெரிக்கா போன மின் சியூ லீ. 1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ராய் ஹெர்ட்ஸோடு சேர்ந்து, நுரையீரலெங்கும் கோரியோகார்சினோமா பரவியிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார். சில மாதங்களில் மார்பு எக்ஸ்ரே சுத்தமாகிவிட்டது. திரண்ட கட்டியாக வளரும் புற்று ஒன்று மருந்தாலேயே குணமானது அதுவே முதல் முறை. அறுவை, கதிர்வீச்சு இரண்டையும் மட்டுமே நம்பியிருந்த மருத்துவ உலகத்துக்கு அது நம்பமுடியாத செய்தி.

ஆனால் லீ அத்தோடு நிற்கவில்லை. கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த பிறகும் அந்தப் பெண்களின் சிறுநீரில் கர்ப்ப ஹார்மோன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த எண் இறங்கி இல்லாமல் போகும்வரை மருந்தை நிறுத்தமாட்டேன் என்றார். நோய் போய்விட்ட பெண்களுக்கு வீணாக நச்சு ஏற்றுகிறார் என்று குற்றம்சாட்டி, நிறுவனம் அவரை வெளியேற்றியது. பின்னால்தான் உண்மை தெரிந்தது: பார்வைக்கு நோய் மறைந்ததும் மருந்தை நிறுத்திய பெண்களுக்கு அது திரும்பியது, லீ எண்ணைத் துரத்திச் சிகிச்சை அளித்த பெண்களுக்குத் திரும்பவில்லை. 1972இல் அவருக்கும் ஹெர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது பகிர்ந்து கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஜூடித் வைட்டுகைட்டிஸும் உடன் பணியாற்றியவர்களும் ரத்தத்தில் எச்.சி.ஜி.யை மட்டும் பிரித்து நுணுக்கமாக அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தேரைகள் தப்பித்தன.

இன்னொரு பக்கம் ஸ்கேன். கிளாஸ்கோவில் உலோகத்தில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தவர் இயன் டொனால்ட். 1958இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் வரும் ஒரு பெண்ணுக்குத் தீராத வயிற்றுப் புற்று என்று முடிவுகட்டியிருந்தார்கள். ஒலியலை காட்டியது சினைப்பையில் ஒரு பெரிய நீர்க்கட்டியை. அறுத்து எடுத்தார்கள், பிழைத்தார். கட்டியையும் கர்ப்பத்தையும் கத்தியில்லாமல் பார்க்கும் கண் அன்றுதான் திறந்தது. முத்துப்பிள்ளை அந்தத் திரையில் பனி கொட்டுவதுபோலத் தெரியும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பனியே பார்க்காத நம் மாணவர்களும் அதை அப்படியே மனப்பாடம் செய்தார்கள்.

இன்று முத்துப்பிள்ளை அந்த உருவத்துக்கு வளரும்வரை பெரும்பாலும் யாரும் விடுவதில்லை. நாள் தள்ளிப்போனதும் மருந்துக்கடையில் அட்டை வாங்கிப் பார்க்கிறார்கள். இரண்டாவது மூன்றாவது மாதத்திலேயே ஸ்கேன் ஆகிவிடுகிறது. திராட்சைக் கொத்தைக் கண்ணால் பார்க்காமலேயே பணி ஓய்வு பெறும் மருத்துவச்சிகளும் செவிலியர்களும் இனி இருப்பார்கள். உறிஞ்சு குழாயால் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்ய அதிக நேரம் ஆவதில்லை. யார் குற்றம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. கருவே உருவாகாத முழு வகை முத்துப்பிள்ளையில் உள்ள குரோமோசோம்கள் எல்லாம் தந்தை வழியில் வந்தவை, தாயின் பங்கு இல்லாத முட்டையில் விந்தணு மட்டும் இரட்டித்து வளர்ந்தது என்று 1977இல் ஜப்பானின் கஜியும் ஓஹாமாவும் காட்டினார்கள். கண்ணேறு பட்டது, கர்ப்பத்தில் ஆகாததைத் தின்றாள், ராசியில்லாதவள் என்றெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பழி சுமந்தவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டும். தந்தை மீதும் குற்றம் இல்லை. கருத்தரிக்கும் கணத்தில் நேரும் ஒரு பிசகு அது.

சுத்தம் செய்தபின் தொடங்குவதுதான் இன்றைய சிகிச்சையின் உயிர்நாடி: எண்களைப் பின்தொடர்வது. பெண்கள் இதை பீட்டா டெஸ்ட் என்கிறார்கள். வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்கவேண்டும். முதல் வாரம் லட்சத்தில் இருந்த எண் ஆயிரங்களுக்கு இறங்கும், நூறாகும், பத்தாகும், ஐந்துக்குக் கீழே போகும். இயல்புக்கு வந்தபிறகும் சில மாதங்கள் மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். அதுவரை அடுத்த கர்ப்பம் கூடாது. புதுக் கர்ப்பம் வந்தால் எண் ஏறுவது பிள்ளையாலா நோயாலா என்று சொல்லமுடியாமல் போகும். முழு முத்துப்பிள்ளை வந்த நூறு பேரில் பதினைந்து இருபது பேருக்கு எண் இறங்காது. மூன்று வாரத்தில் எடுத்த நான்கு எண்களும் ஒரே இடத்தில் நின்றாலோ, இரண்டு வாரத்தில் மூன்று எண்கள் ஏறிக்கொண்டே போனாலோ, சிகிச்சை தொடங்கிவிடும். இந்த நோயில் பயாப்சி எடுக்காமலேயே கீமோ ஆரம்பிக்கிறார்கள். கட்டியைக் குத்தினால் ரத்தம் கொட்டும் என்பதால் குத்தாமல் இருப்பதே நல்லது. எண்ணே சாட்சி.

ஆபத்து குறைந்த, அடங்கிய வகைக்குப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி ஒன்றே போதும். மருந்தின் நச்சு நல்ல அணுக்களை அழிக்காதிருக்க, பல இடங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஃபோலினிக் அமிலம் தருவார்கள். ஃபோலிக் அமிலத்தின் உறவுக்காரப் பொருள் அது. வில்ஸ் தேடிய பொருளும் சுப்பாராவ் செய்த எதிர்ப்பொருளும் ஒரே படுக்கையருகில், ஒரே வாரத்தில், மாறி மாறி. அடங்காத வகைக்குப் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவார்கள். முதல் வகையில் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள், இரண்டாவதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். கர்ப்பப்பையும் அநேகமாகக் காப்பாற்றப்பட்டுவிடுகிறது. கருக்குழாயில் தங்கிய கர்ப்பத்தைக்கூட, வெடிக்குமுன் கண்டுபிடித்துவிட்டால், அதே ஊசியால் அறுவை இல்லாமல் கரைக்க 1980களிலிருந்து முடிகிறது.

மருந்து மலிவு. சோதனை நகரமெங்கும் கிடைக்கிறது. ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை.

கருச்சிதைவு என்று சுத்தம் செய்யும்போது எடுக்கும் திசுவை எல்லா இடத்திலும் ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை. இரண்டாவது மாதத்தில் எடுக்கும் முத்துப்பிள்ளை பார்வைக்குச் சாதாரணக் கருச்சிதைவு போலவே இருக்கும். நுண்ணோக்கிக்குக் கீழேதான் தெரியும். அந்த டப்பாவை வாங்கி ஆய்வகத்தில் கொடுக்க உடன் வந்தவருக்குச் சோம்பலாக இருக்கலாம், செலவு உறுத்தலாம். அதைத் தட்டிக்கழித்த வீட்டில் நோய் பரவிய பிறகு படும் பாட்டோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல. ஸ்கேன் பார்க்காமல் மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குவது இன்னும் அபாயம். உள்ளே இருந்தது பிள்ளையா, முத்துப்பிள்ளையா, குழாய்க் கர்ப்பமா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

அடுத்தது பாதியில் நின்றுபோகும் பின்தொடர்தல். எண் நூறுக்குக் கீழே வந்ததும் உடம்பு தேறிவிடுகிறது, மாதவிலக்கும் வந்துவிடுகிறது. வாரம் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மனம் வராது. "அதான் நல்லாயிட்டியே, இன்னும் எதுக்கு ரத்தம் குடுத்துக்கிட்டுக் கிடக்கிற? அடுத்ததுக்குப் பாரு" என்று மாமியார் சொல்வார். அவர் சொல்வதும் அன்பினால்தான். பிரிட்டனில் 1973 முதல் இந்தப் பெண்களைப் பதிவுசெய்து, சிறுநீரையோ ரத்தத்தையோ தபாலில் அனுப்பச் சொல்லி, சிறப்பு மையங்களில் எண்ணைப் பார்த்துக் கடிதம் போடுகிறார்கள். லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையின் கென்னத் பாக்ஷா பாடுபட்டு உருவாக்கிய ஏற்பாடு அது. பெண் வீட்டிலேயே இருப்பாள், பயணம் போவது குப்பி. கர்ப்பிணிகள் ஒவ்வொருவரையும் எண் போட்டுப் பதிவுசெய்து கிராமச் செவிலியர் வழியாகப் பின்தொடரும் தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமா? 2018-20 கணக்கெடுப்பில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 என்ற அளவுக்குத் தாய்மரணத்தைக் குறைத்த மாநிலம் இது. நாட்டின் சராசரி அப்போது 97. கர்ப்பம் கலைந்ததும் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடாமல், முத்துப்பிள்ளை வந்தவளை மட்டுமாவது இன்னும் சில மாதம் வைத்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். கோரியோகார்சினோமா முத்துப்பிள்ளைக்குப் பிறகுதான் வரும் என்றில்லை. நல்லபடி பிரசவமான பிறகும் வரலாம், கருச்சிதைவுக்குப் பிறகும் வரலாம். மாதங்கள் கழித்தும் வரலாம். கைக்குழந்தைக்காரிக்குத் தீராத ரத்தப்போக்கோ, ரத்தம் கலந்த இருமலோ, திடீர் வலிப்போ வந்தால், மற்றச் சோதனைகளோடு கர்ப்பப் பரிசோதனை ஒன்றையும் செய்துவிடவேண்டும். சில பத்து ரூபாய் அட்டை. அதில் இரண்டு கோடு விழுந்தால் மருத்துவர் யோசிக்கவேண்டிய திசையே மாறிவிடும்.

கீமோ முடிந்த பெண்ணை வழக்கமாக ஓராண்டு பொறுக்கச் சொல்வார்கள். அதன்பின் கருத்தரிப்பவர்களுக்கு மறுபடி முத்துப்பிள்ளை வருவது நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான். அதனால் சீக்கிரமே ஒரு ஸ்கேன் எடுத்து, நெஞ்சுத் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பெயர் பதியும் அன்று செவிலியர் கையில் ஒரு மாத்திரை அட்டையைக் கொடுப்பார். "நாள் தவறாம போடும்மா, சாப்பாட்டுக்கு அப்புறம்." ஃபோலிக் அமிலம்.